தக்காளி ஊசிப்புழு: பழைய செடியைப் பிடுங்கிய பிறகே புது நாற்று

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையோரத்தில், வெருலம், டொங்காட், ஸ்டேங்கர் பக்கம் தக்காளி போடுகிறவர்கள் இந்தப் புழுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே முதலில் கேட்பது, "எந்த மருந்து அடிக்கலாம்?" என்றுதான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: போன தடவை போட்ட தக்காளிச் செடி இப்போது எங்கே நிற்கிறது? பக்கத்துப் பாத்தியில் காய்ந்தும் காயாமலும் நிற்கிறது என்றால், புது நாற்றுக்கு எந்த மருந்து வாங்கினாலும் பாதிப் பணம் வீண். காய் பறித்து முடித்துக் கவனிக்காமல் விட்ட செடியில்தான் இந்தப் பூச்சி பெருகுகிறது. புது நாற்று அதற்கு அடுத்த வேளைச் சாப்பாடு.

பூச்சியின் பெயர் டூட்டா அப்சலூட்டா. இப்போது விஞ்ஞானிகள் அதை ஃப்தோரிமேயா என்ற பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள். உருளைக்கிழங்கைத் துளைக்கும் அந்துப்பூச்சியும் அதே பேரினம்தான். இது ஏன் முக்கியம் என்று கீழே வரும். தமிழ்நாட்டு விவசாயிகள் இதைத் தக்காளி ஊசிப்புழு என்கிறார்கள், காயில் ஊசி குத்தியது போல் ஓட்டை போடுவதால். சொந்த ஊர் தென் அமெரிக்கா. பெரு நாட்டில் பிடித்த பூச்சியை வைத்து 1917-இல்தான் முதலில் பெயர் சூட்டினார்கள். 2006 கடைசியில் ஸ்பெயினுக்குள் வந்தது. அங்கிருந்து மத்தியதரைக் கடல் ஓரம் முழுவதும், பிறகு வட ஆப்பிரிக்கா, சூடான், கென்யா என்று இறங்கிக்கொண்டே வந்தது. 2014-இல் இந்தியாவில் மகாராஷ்டிரத்தில் பிடிபட்டது. 2016-இல் நைஜீரியாவின் கடுனா மாநிலத்தில் தக்காளித் தோட்டங்களை அது அழித்த வேகத்தைப் பார்த்து 'தக்காளி எபோலா' என்றே பெயர் வைத்தார்கள். அதே 2016 ஆகஸ்டில் மொசாம்பிக் எல்லையை ஒட்டிய ம்புமலங்கா மாகாணத்தில், தென்னாப்பிரிக்காவில் முதல் முறையாகப் பிடிபட்டது. அதற்குப் பிறகு மாகாணம் மாகாணமாகப் பரவியது.

நேட்டால் கரையோரத்தில் இதற்குக் கூடுதல் வசதி ஒன்று இருக்கிறது. இங்கே உறைபனி கிடையாது. ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றும் குளிர்காலம்தான் கரையோரத்தில் தக்காளிக்கு நல்ல பருவம்: மழை குறைவு, இலைக் கருகல் குறைவு, சந்தையில் விலையும் கிடைக்கும். இந்தப் பூச்சிக்குக் குளிர்கால உறக்கம் என்பதே கிடையாது. தின்ன இலை இருந்தால் ஆண்டு முழுவதும் தலைமுறை மேல் தலைமுறையாகப் போடும், சாதகமான இடத்தில் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு தலைமுறை வரை. 27 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து அந்துப்பூச்சி ஆக ஏறக்குறைய 24 நாள் போதும். 20 டிகிரியில் 40 நாள். 14 டிகிரிக்கு இறங்கினால் 76 நாள். இந்த மூன்று எண்களை நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து எப்போது மாற்றுவது, பிடுங்கிய குவியலை எத்தனை நாள் மூடி வைப்பது, எத்தனை வாரம் இடைவெளி விடுவது எல்லாமே இவற்றை வைத்துத்தான்.

ஒரு தாய்ப்பூச்சி தன் வாழ்நாளில் 250, 260 முட்டை வரை இடும். கணக்குக்காக ஐந்தில் ஒன்றுதான் பிழைக்கிறது என்று வைப்போம். ஐம்பது பூச்சி, அதில் இருபத்தைந்து பெண். அடுத்த தலைமுறையில் அவை 1250. தை மாத வெயிலில் இதற்கு இரண்டு மாதம்கூட ஆகாது. இரண்டு வரிசைச் செடியைப் பிடுங்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

இலையைப் படிப்பது

சந்தேகப்படும் இலையைப் பறித்து வெயிலுக்கு நேராகப் பிடியுங்கள். இலையின் மேல்தோலும் அடித்தோலும் அப்படியே இருக்க, நடுவில் இருந்த பச்சைச் சதை மட்டும் காணாமல் போயிருக்கும். வெங்காயச் சருகு போன்ற வெளிறிய திட்டு. அது கோடாக வளைந்து வளைந்து போனால் அது பழைய இலைத்துளைப்பான் ஈ, ஊசிப்புழு இல்லை. ஊசிப்புழுவின் திட்டு அகலமாக, வரம்பில்லாமல், தண்ணீர் சிந்திய கறைபோலப் பரவியிருக்கும். திட்டின் ஒரு ஓரத்தில் கறுப்புத் தூளாக எச்சம் குவிந்திருக்கும். அதற்குக் கொஞ்சம் தள்ளிப் புழு நிழலாகத் தெரியும். நகத்தால் தோலைக் கிழித்துப் பாருங்கள். சின்னப் புழு வெண்ணெய் நிறம். வளர்ந்தது பச்சை, கடைசிப் பருவத்தில் முதுகில் இளஞ்சிவப்பு ஓடும். முழு வளர்ச்சியில் ஏழெட்டு மில்லிமீட்டர். தலைக்குப் பின்னால் கழுத்துப்பட்டி போல ஒரு கறுப்புக் கோடு இருக்கும், அதுதான் நல்ல அடையாளம்.

இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் ஈக்கான மருந்தை வாங்கி அடித்தால், பணம் போவதோடு நாளும் போகும். அதைவிட மோசம், ஈயைக் கட்டுப்படுத்தும் குட்டிக் குளவிகளும் செத்துப்போகும்.

உருளைக்கிழங்கு அந்துப்பூச்சியின் புழுவும் தக்காளி இலையில் இதே மாதிரித் திட்டுப் போடும். நெருங்கிய உறவு, வெறுங்கண்ணால் பிரிப்பது கஷ்டம். பக்கத்தில் உருளைக்கிழங்கு போட்டிருந்தால் இதை மறக்க வேண்டாம். ஊசிப்புழுவுக்கான கவர்ச்சிப் பொறியில் (பெண் பூச்சியின் வாசத்தைக் காட்டி ஆணை இழுக்கும் பொறி) ஆண் பூச்சி விழுகிறதா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். மீதிக்குப் பூச்சியியல் ஆய்வுக்கூடம்தான்.

காயில் பார்க்க வேண்டிய இடம் காம்புத் தொப்பியின் அடி. ஐந்து பச்சை இதழையும் விரலால் தூக்கிப் பாருங்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டையும் அதன் வாயில் ஈரமான கறுப்புத் தூளும் இருந்தால் உள்ளே புழு போயிருக்கிறது. பெரிய வட்ட ஓட்டையில் உடம்பைப் பாதி வெளியே விட்டுக்கொண்டு தின்பது காய்ப்புழு, அது வேறு. ஊசிப்புழு குத்திய காய் பறிக்கும்போது நல்ல காய் போலவே தெரியும். பெட்டியில் இரண்டு நாள் இருந்தால் ஓட்டை வழியாக அழுகல் இறங்கி, பக்கத்துக் காயையும் நனைக்கும். டர்பன் மொத்தச் சந்தையில் பெட்டியைத் திறந்து பார்க்கிறவர் ஒரு காயைப் பார்த்துவிட்டு முழுப் பெட்டிக்கும் விலையைக் குறைப்பது அதனால்தான். அதைக் குறை சொல்ல முடியாது.

முடிந்த பாத்தியை அகற்றுவது

மற்ற எதையும் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள் என்று சொல்லும் அளவுக்கு இது முக்கியம். கடைசிப் பறிப்பு முடிந்ததும் "இன்னும் நாலு காய் வரும், இருக்கட்டும்" என்று விடுவதில்தான் வினை. அந்த நாலு காயை விற்ற காசில் அடுத்த பாத்திக்கு ஒரு தடவை மருந்துகூட அடிக்க முடியாது.

செடியைப் பிடுங்கும் முன் அதில் இருக்கும் அந்துப்பூச்சியைக் குறைக்க வேண்டும். நேராகப் பிடுங்க ஆரம்பித்தால், பகலில் இலைக்கடியில் ஒளிந்திருக்கும் பூச்சி அத்தனையும் எழும்பி அடுத்த பாத்திக்கோ அடுத்த வீட்டுத் தோட்டத்துக்கோ போய்விடும். முந்தின நாள் மாலை, அந்தப் பாத்தியில் அதுவரை பயன்படுத்தாத பிரிவு மருந்து ஒன்றை (பிரிவு என்றால் என்ன என்று கீழே வரும்) அடித்துவிட்டு, மறுநாள் காலைக் குளிரில் வேலையை ஆரம்பிப்பது நல்லது. வேரோடு பிடுங்கி, நின்ற இடத்திலேயே தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். பாதை முழுக்க இழுத்துக்கொண்டு போனால் இலையும் கூட்டுப்புழுவும் வழியெல்லாம் உதிரும். கீழே விழுந்த காயைப் பொறுக்குவதும் இதில் சேர்ந்ததுதான். அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பை இல்லாவிட்டால் ஒரு மூலையில் குவித்து, ஓட்டை இல்லாத தெளிந்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, விளிம்பு முழுவதும் ஒரு சாண் அகலத்துக்கு மண் அள்ளிப் போடுங்கள். கல் வைத்தால் போதாது. இந்தப் பூச்சியின் நீளம் ஆறேழு மில்லிமீட்டர்தான், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அதற்கு வாசல். கோடையில் மூன்று நான்கு வாரம் மூடியிருந்தால் உள்ளே சூட்டிலேயே எல்லாம் முடிந்துவிடும். ஆடி, ஆவணியில் அந்தக் கணக்கு செல்லாது. குளிரில் புழுவின் வளர்ச்சி மெதுவாகிறது, சூடும் ஏறாது. எட்டு வாரமாவது திறக்காமல் இருக்க வேண்டும். பச்சைச் செடிக்கு நெருப்பு வைப்பது பலரும் செய்வது. புகைதான் வரும், வேகாது. பூச்சி பறந்துவிடும், மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

மண்ணுக்குள் என்றதும் அடுத்தது. முழு வளர்ச்சி அடைந்த புழுவில் கணிசமானவை நூல் விட்டு இறங்கி மேல் மண்ணில்தான் கூட்டுப்புழு ஆகின்றன. செடி போன பிறகு மண்ணை ஒரு தடவை புரட்டிப்போடுங்கள். கோடையில் முடிந்தால் நனைத்துத் தெளிந்த பிளாஸ்டிக் விரித்து நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் வேகவிடுங்கள். கவர்ச்சிப் பொறியை மட்டும் எடுத்துவிட வேண்டாம். வெறும் மண்ணில் இருக்கும் பொறியில் மூன்று நான்கு வாரம் பூச்சி விழுந்துகொண்டே இருக்கும். எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்து அங்கேயே நிற்கும்போதுதான் அந்த மண் சுத்தம்.

அதற்குப் பிறகும் அதே இடத்தில் தக்காளியோ, பிரிஞ்சாலோ (கத்தரி), உருளைக்கிழங்கோ ஆறு வாரத்துக்குள் வேண்டாம். குளிர்காலம் என்றால் இன்னும் தள்ளிப் போடுங்கள். மிளகாயும் அதே குடும்பம், இடையில் அதையும் தவிர்ப்பது நல்லது. தானியா (கொத்தமல்லி), வெந்தயக்கீரை, முட்டைக்கோஸ், பூசணி, மீலி (மக்காச்சோளம்) எதுவானாலும் போடலாம்.

மணத்தக்காளி விஷயம்

இதைச் சொன்னால் பலருக்கு வருத்தம்தான். வரப்பில் தானாக முளைக்கும் மணத்தக்காளி, ஸூலு மக்கள் உம்சோபோ என்று பறித்துச் சமைக்கும் கீரை, இந்தப் பூச்சிக்குத் தக்காளி இல்லாத நாளில் தங்குமிடம். ஊமத்தையும் அப்படித்தான். மண் குவியலில், உரக்குழியில், வீட்டுப் பின்வாசலில் தானாக வரும் தக்காளிச் செடி இவை இரண்டையும்விட மோசம். மணத்தக்காளி வேண்டும் என்றால் ஒதுக்குப்புறமாக ஒரே பாத்தியில் வளர்த்து, வாரா வாரம் கீரையை ஒட்டப் பறித்துவிடுங்கள், இலையில் திட்டு வருகிறதா என்றும் பாருங்கள். வரப்பு நெடுக விட்டுவைப்பதுதான் ஆபத்து. நாலு பக்கமும் கரும்பு சூழ்ந்த தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பாக்கியம்: கரும்பை இது தொடாது. அப்படிப்பட்ட தோட்டத்தில் வரப்பையும் சுத்தமாக வைத்தால் வெளியிலிருந்து வருவது கணிசமாகக் குறையும்.

தண்ணீர்ப் பொறி

வாங்குவதற்கு விலை உயர்ந்த பொறிகள் இருக்கின்றன. ஆனால் துணி துவைக்கும் பிளாஸ்டிக் தொட்டியே போதும். ஆறு முதல் எட்டு லிட்டர் கொள்ளும் அகலத் தொட்டி ஒன்று. விளிம்புக்கு மூன்று விரல் கீழே வரை தண்ணீர். அதில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு. எண்ணெய் தண்ணீர் ஆவியாவதைக் குறைக்கும்; சோப்பு தண்ணீரின் மேல்தோலை உடைப்பதால் விழுந்த பூச்சி எழும்ப முடியாது. குறுக்கே ஒரு கம்பி கட்டி, கவர்ச்சி ரப்பர்த் துண்டைத் தண்ணீருக்கு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிடுங்கள். நனைந்தால் வாசம் போய்விடும், வெகு உயரத்தில் இருந்தால் பூச்சி சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும்.

தொட்டி தரையிலோ, அதிகம் போனால் முழங்கால் உயரத்திலோ இருக்கட்டும். திறந்த தோட்டத்தில் ஹெக்டேருக்கு 40 முதல் 50, பிளாஸ்டிக் அல்லது வலை போட்ட பயிர்க் கூடாரத்துக்குள் 20 முதல் 25. அரை ஏக்கர் என்றால் எட்டு முதல் பத்துத் தொட்டி. நாற்று நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே வையுங்கள். ரப்பர்த் துண்டை நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், பழையதைத் தோட்டத்தில் எறியக் கூடாது. மாற்றும்போது வெறுங்கையால் தொட வேண்டாம். மீதியைப் பிரிக்காமல் குளிர்பெட்டியில் வையுங்கள். கோடையில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் பாருங்கள். வற்றிய தொட்டியில் பூச்சி சாகாது, அந்த வாரத்து எண்ணிக்கையும் பொய்.

இந்தப் பொறியில் விழுவது ஆண் மட்டும். ஏற்கெனவே இணை சேர்ந்த பெண் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பறந்து வந்தால் இதனால் தடுக்க முடியாது. அதனால் பொறியை மட்டும் நம்பித் தக்காளியைக் காப்பாற்ற முடியாது. அதன் பெரிய பயன் நாள் குறிப்பது. எண்ணிக்கை திடீரென்று ஏறிய வாரத்தை எழுதி வையுங்கள். முட்டை பொரிக்க நான்கைந்து நாள். ஆக, ஏறிய நாளிலிருந்து ஒரு வாரத்தில் இலைக்குள் ஒரு மில்லிமீட்டர் புழு இருக்கும். மருந்து வேலை செய்வது அப்போதுதான்.

மருந்து

தென்னாப்பிரிக்காவில் விவசாய மருந்துகள் 1947-ஆம் ஆண்டு 36-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவாகின்றன. தக்காளிக்கும் இந்தப் பூச்சிக்கும் பதிவு இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள். லேபிளில் இன்னொரு எண்ணும் இருக்கும்: மருந்து எந்த வழியில் கொல்கிறது என்று காட்டும் பிரிவு எண். குளோரான்ட்ரானிலிப்ரோலுக்கு 28, ஸ்பினோசாட், ஸ்பினெடோரம் இரண்டுக்கும் 5, எமாமெக்டின், அபாமெக்டினுக்கு 6, இண்டாக்சாகார்புக்கு 22. டப்பாவின் பெயரும் நிறமும் மாறினால் மருந்து மாறிவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. மூன்று கம்பெனி டப்பாவிலும் 28 என்று இருந்தால் அது ஒரே மருந்தை மூன்று தடவை அடித்த கணக்கு. சிசிலியில் 28-ஆம் பிரிவுக்கே இந்தப் பூச்சி எதிர்ப்பு வளர்த்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். பிரேசிலிலும் அப்படியே.

ஒரு தலைமுறைக் காலத்தை ஒரு கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்: கோடையில் நாலு வாரம், குளிரில் ஆறேழு வாரம். ஒரு கட்டத்தில் ஒரு பிரிவு. அடுத்த கட்டத்தில் அதைத் தொடக் கூடாது. தாய் எதைத் தாங்கிப் பிழைத்ததோ, அதே பிரிவைப் பிள்ளைக்கும் கொடுத்தால் எதிர்ப்புள்ளது மட்டுமே மிஞ்சும். மலிவு என்று பைரித்ராய்டு மருந்தை அடிப்பவர்களுக்கு: இந்தப் பூச்சி அதற்கு எப்போதோ பழகிவிட்டது. செத்துப்போவது அதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான். இரண்டு வாரத்தில் வெள்ளை ஈயும் கூடவே பெருகும்.

அடிக்கும் நேரம் மாலை. தேனீ வீடு திரும்பியிருக்கும், அந்துப்பூச்சி கிளம்பும் நேரமும் அதுதான். முட்டை பெரும்பாலும் மேல் இலைகளில், அதிலும் அடிப்பக்கத்தில் இருக்கும். முதுகுத் தெளிப்பானின் முனையைக் கீழிருந்து மேலே காட்டி அடிக்காவிட்டால் மருந்து அங்கே போகாது. தண்ணீர் பட்டால் நீலமாகும் மஞ்சள் தாளை இலையின் அடியில் குத்திவிட்டு வெறும் தண்ணீர் அடித்துப் பாருங்கள். தாள் மஞ்சளாகவே இருந்தால் தெளிக்கும் விதம் தப்பு. பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) பாக்டீரியா மருந்து குட்டிப் புழுவுக்கு மட்டும்தான். வெயிலில் வீரியம் இழப்பதால் அதையும் மாலையில், வாரம் ஒரு தடவை. அறுவடைக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது லேபிளில் இருக்கும். அதைக் குறைக்கக் கூடாது. தக்காளியைப் பச்சையாகவும் சாப்பிடுகிறோம்.

வேம்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வேப்பிலை கிடைக்காத இடத்தில் மாரியம்மன் பூஜைக்குச் சிரிங்கா இலை எடுப்பது இங்கே வழக்கம். அது மலைவேம்பு. பூஜைக்குச் சரி, ஆனால் மருந்துக்கு அது வேம்பு இல்லை. புழுவின் வளர்ச்சியைக் கெடுக்கும் அசாடிராக்டின் வேப்பங்கொட்டையில்தான் இருக்கிறது. சிரிங்காப் பழம் மனிதருக்கும் ஆடு மாட்டுக்கும் நஞ்சு. அதை இடித்து ஊறவைத்துத் தக்காளி மேல் தெளிக்கவே வேண்டாம். வேம்பு வேண்டும் என்றால் அளவு குறித்த, பதிவான வேப்ப மருந்தை வாங்குங்கள்.

நாற்றும் பெட்டியும்

பூச்சி பறந்து வருவதைவிட நாம் பக்கியில் (சின்னச் சரக்கு வண்டியில்) ஏற்றிக்கொண்டு வருவது அதிகம். நாற்று வாங்கும்போது தட்டைத் தலைக்கு மேல் தூக்கி, இலையின் அடியை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நாற்றில் திட்டு இருந்தால் அந்தத் தட்டே வேண்டாம். சொந்த நாற்றங்கால் என்றால் வலை போடுங்கள்: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு பக்கம் ஆறு நூல், மறு பக்கம் ஒன்பது நூல் இருக்கும் நெசவு. அதைவிட அகலமான வலை நிழலுக்குத்தான் உதவும். கதவு ஒன்றே ஒன்று இருந்தால் ஆள் நுழையும்போது பூச்சியும் நுழையும். இரண்டு கதவு, நடுவில் ஒரு அடி எடுத்து வைக்க இடம்.

சந்தையிலிருந்து திரும்பி வரும் பெட்டி எந்தத் தோட்டத்துப் பெட்டி என்று யாருக்கும் தெரியாது. மரப்பெட்டியின் மூலையில், ஆணி அடித்த பலகைச் சந்தில் ஆறு மில்லிமீட்டர் பழுப்புக் கூட்டுப்புழு ஒட்டியிருந்தால் கண்ணுக்கே படாது. மூலைகளைப் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, வெயிலில் காயவிடுங்கள். கழுவ நேரம் இல்லாத நாளில் பெட்டிகளை நாற்றங்காலுக்கு எதிர்ப் பக்கமாக அடுக்கி, பிளாஸ்டிக்கால் இறுக்கிச் சுற்றி, பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே வையுங்கள். குளிர்காலத்தில் அதை இரண்டு மடங்காக்குங்கள். பிரிக்கும்போது அடியில் சாம்பல் நிறத்தில் செத்த அந்துப்பூச்சி கிடந்தால், அடுத்த தடவை அந்தப் பெட்டிகளைக் கழுவாமல் உள்ளே விடக் கூடாது.